பொன்மான் என்றால் எத்தனை

கம்போடியாவின் கெமர் மொழியில் நான் முதலில் கற்றுக்கொண்ட கேள்வி ‘பொன்மான் த்ங்ஐ’. ‘எத்தனை நாள்’ என்று அர்த்தம். அவர்கள் உச்சரிப்பு கொஞ்சம் வேறுதான், ஆனாலும் நம் காதில் பொன்மான் என்றே விழும். வகுப்பில் நுழைந்த முதல் நாள், முன்வரிசையில் இருந்த எட்டு வயதுப் பெண் ஒருத்தி இதைக் கேட்டாள். என் பெயர் என்ன, எந்த ஊர் என்றெல்லாம் அவளுக்குத் தெரிய வேண்டியிருக்கவில்லை. எத்தனை நாள் இருப்பேன் என்பது மட்டும் போதும். அவளுக்கு முன்பே பலர் வந்து, பாட்டுச் சொல்லிக் கொடுத்து, கட்டிப்பிடித்து, போட்டோ எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அது எனக்கு அப்போது தெரியாது.

கோயம்புத்தூரில் எட்டு வருடம் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்தேன். 2018-ல் வேலையை விட்டுவிட்டு, ஐந்து மாதம் கம்போடியாவின் சியெம் ரீப்பில் தன்னார்வலராக இருக்கக் கிளம்பினேன். அம்மாவுக்கு அதில் பெரிய வருத்தம். நம் ஊரில் இல்லாத ஏழைப் பிள்ளைகளா அங்கே இருக்கிறார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. வேறு ஒரு நாட்டில், வேறு ஒரு மொழியில் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்க்க ஆசை, ஊர் சுற்றவும் ஆசை. அம்மாவிடம் இரண்டையும் மறைக்காமல் சொன்னேன்.

இடம் தேடும்போதே ஒரு பாடம் கிடைத்தது. முதலில் நான் எழுதிக் கேட்டது ஓர் அனாதை இல்லத்துக்கு. ஒரே நாளில் பதில் வந்துவிட்டது. வாரத்துக்கு இவ்வளவு பணம் கட்டினால் போதும், எப்போது வேண்டுமானாலும் வரலாம், பிள்ளைகளோடே தங்கலாம் என்றார்கள். நான் யார், என் பின்னணி என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பள்ளியில் வேலை பார்த்தவளுக்கு அது உறுத்தியது. யார் வேண்டுமானாலும் பணம் கட்டி, நாற்பது பிள்ளைகள் தூங்கும் வீட்டுக்குள் போய்விடலாம் என்றால் என்ன அர்த்தம்?

அப்புறம்தான் படிக்க ஆரம்பித்தேன். கம்போடியாவில் 2005-ல் 154 ஆக இருந்த குழந்தைகள் இல்லங்கள் 2010-க்குள் 269 ஆகிவிட்டன. அந்த ஐந்து வருடத்தில் அந்த நாட்டில் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாக அனாதையாக்கும் போரும் இல்லை, கொள்ளைநோயும் இல்லை. கூடிக்கொண்டே போனது சுற்றுலாப் பயணிகள்தான். 2011-ல் யூனிசெஃப்பும் அந்நாட்டு சமூகநல அமைச்சகமும் சேர்ந்து செய்த ஆய்வில், இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் நான்கில் மூன்று பேருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருப்பது தெரிந்தது. ‘படிக்க வைக்கிறோம், சாப்பாடு போடுகிறோம்’ என்று சொல்லி ஏழை வீடுகளிலிருந்து அழைத்து வந்த பிள்ளைகள். வெள்ளைக்காரர்களும் நம்மைப் போன்றவர்களும் போய்ப் பார்த்து, கண் கலங்கி, பணம் கொடுக்கக் கொடுக்க இல்லங்கள் பெருகியிருக்கின்றன. அந்த மின்னஞ்சலுக்கு நான் பதில் எழுதவில்லை.

கடைசியில் சேர்ந்த இடம் ஒரு கிராமத்துக் கல்வி மையம். சியெம் ரீப் நகரத்திலிருந்து சைக்கிளில் நாற்பது நிமிடம். அவர்கள் பாஸ்போர்ட் அலுவலகத்தில் வாங்கும் போலீஸ் சான்றிதழைக் கேட்டார்கள். குறைந்தது மூன்று மாதம் இருக்க வேண்டும், பிள்ளைகளின் முகம் தெரியும்படி படம் எதையும் இணையத்தில் போடக் கூடாது, எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்கக் கூடாது. எல்லாவற்றிலும் கையெழுத்து வாங்கினார்கள். இவ்வளவு கெடுபிடி செய்கிறார்களே என்றுதான் அந்த இடத்தின் மேல் நம்பிக்கை வந்தது.

கம்போடியாவில் அரசுப் பள்ளிகள் பெரும்பாலும் அரை நாள்தான். ஒரு கூட்டம் காலையில் ஏழு மணிக்குப் போய்ப் பதினொன்றுக்குத் திரும்பும், இன்னொரு கூட்டம் மதியம் போகும். மீதி அரை நாளில் பிள்ளைகள் மாடு மேய்ப்பார்கள், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வார்கள், சிலர் கோயில் வாசல்களில் போஸ்ட்கார்டும் கைவளையும் விற்கப் போவார்கள். அந்த அரை நாளில் பிள்ளைகளைப் பிடித்து உட்காரவைப்பதுதான் மையத்தின் வேலை.

நான் வகுப்பு எடுக்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு போனேன். ஆங்கிலப் பாட்டெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். பொறுப்பாளர் என்னை உட்காரவைத்து, “பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியை இருக்கிறார். நீங்கள் அவருக்கு உதவ வந்திருக்கிறீர்கள்” என்றார். எனக்கு முகம் வாடிவிட்டது. எட்டு வருட அனுபவத்தோடு வந்தவளைக் கடைசி பெஞ்சில் உட்கார் என்கிறார்களே என்று அன்று இரவு தூக்கமே வரவில்லை.

அந்த ஆசிரியைக்கு முப்பத்தாறு வயது, என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ‘போங்’ என்று கூப்பிடுவேன். அக்கா, அண்ணன் இரண்டுக்கும் அவர்களிடம் அந்த ஒரே சொல்தான். பிள்ளைகளுக்கு அவர் ‘நெய்க் க்ரூ’. க்ரூ என்பது நம் குருதான். பள்ளிக்கு ‘சாலா’ என்கிறார்கள், நம் பாடசாலையில் இருக்கும் சாலை. சுவரில் கெமர் அரிச்சுவடி தொங்கியது. எழுத்துகள் ஒன்றுகூடப் புரியவில்லை, ஆனால் போங் வாசிக்கும்போது வரிசை பிடிபட்டுவிட்டது. க-வில் தொடங்கி ங-வில் முடியும் வரி, அதற்கடுத்து ச, ஞ. பல்லவர் காலத்து எழுத்திலிருந்து பிறந்த எழுத்து அது. தேதியோடு கிடைத்த மிகப் பழைய கெமர் கல்வெட்டு கி.பி. 611-ஐச் சேர்ந்தது. காஞ்சிபுரத்திலிருந்து இவ்வளவு தூரத்தில், மண் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து ஒரு பிள்ளை க, ங சொல்வதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால்தான் சில விஷயங்கள் கண்ணில் படும். கெமரில் எண்கள் ஐந்து ஐந்தாக ஓடும். ஒன்று மூய், இரண்டு பீ, மூன்று பேய், ஐந்து ப்ராம். ஆறுக்குத் தனிச் சொல் கிடையாது, ப்ராம்-மூய், அதாவது ஐந்தும் ஒன்றும். ஏழு ப்ராம்-பீ. கூட்டலில் பாதி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது! ஆனால் புத்தகத்தில் பத்துப் பத்தாகக் கட்டுப் போட்டிருந்தார்கள். ஒரு கை நிறைய, இன்னொரு கையில் மிச்சம் என்று ஐந்துக் கட்டில் ஆரம்பித்தால் என்ன என்று போங்கிடம் கேட்டேன். அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுச் சிரித்தார். மறுநாள் இருவரும் சேர்ந்து பழைய அட்டைப்பெட்டிகளை வெட்டி, ஐந்து புள்ளி போட்ட அட்டைகளும் ஒற்றைப் புள்ளி அட்டைகளும் செய்தோம். பாடத்தை எடுத்தது போங். நான் அட்டை வெட்டினேன், பின்னால் உட்கார்ந்து எந்தப் பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று குறித்துக் கொடுத்தேன். மூன்று வாரத்தில், விரலை விட்டு எண்ணிக்கொண்டிருந்த பிள்ளைகள் அட்டையைப் பார்த்ததும் சொல்ல ஆரம்பித்தார்கள். என் ஆசிரியர் வாழ்க்கையில் நான் செய்த உருப்படியான வேலைகளில் அது ஒன்று.

டிசம்பரில் ஒரு பையன் வருவதை நிறுத்திவிட்டான். நெல் அறுவடைக் காலம், பாதிப் பேர் வர மாட்டார்கள்தான். ஆனால் இவன் மூன்று வாரமாகியும் வரவில்லை. போங்கின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து அவன் வீட்டுக்குப் போனேன். தூண்கள் மேல் நிற்கும் மரவீடு. அம்மாவும் அப்பாவும் தாய்லாந்தில் கட்டட வேலைக்குப் போயிருந்தார்கள். பாட்டிதான் பார்த்துக்கொள்கிறார், அவருக்கோ முட்டிவலி. பையன் அடுத்தவர் வயலில் கதிர் சுமக்கிறான்.

அங்கே நான் ஒரு தப்பு செய்தேன். அவன் வெறுங்காலோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, அடுத்த நாள் கடைத்தெருவில் ஒரு ஜோடி ஷூ வாங்கி, யாரிடமும் சொல்லாமல் அவனிடம் கொடுத்துவிட்டேன். அவன் வகுப்புக்கு வந்தான், ஷூவோடு. அன்று சாயங்காலமே நாலு பிள்ளைகள் செருப்பில்லாத காலை என்னிடம் காட்டினார்கள். பாட்டி வேறு சங்கடப்பட்டிருக்கிறார், வெளிநாட்டுக்காரி வாங்கிக் கொடுக்கும் நிலைமைக்கு வந்துவிட்டோமே என்று. போங் என்னைத் திட்டவில்லை. “நீ போன பிறகு அந்த ஷூ கிழியும். அப்போது அவன் யாரிடம் கேட்பான்?” என்று மட்டும் கேட்டார். மையத்தின் சமூகப் பணியாளர் பாட்டியோடு மூன்று முறை உட்கார்ந்து பேசினார். மாதம் தவறாமல் பையன் வகுப்புக்கு வந்தால் வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி என்று ஏற்பாடானது. அறுவடை முடிந்ததும் ஒழுங்காக வரத் தொடங்கிவிட்டான். அந்தப் பேச்சுவார்த்தை எதிலும் நான் இல்லை. இருந்திருந்தால் கெடுத்திருப்பேன்.

சனிக்கிழமையும் பள்ளி உண்டு, விடுமுறை ஞாயிறு மட்டும்தான். பழங்காலக் கோயில்கள் நிறைந்த அங்கோருக்கு ஏழு நாள் சீட்டு வாங்கினேன், 72 டாலர். ஒரு மாதத்துக்குள் எந்த ஏழு நாள் வேண்டுமானாலும் போகலாம் என்பதால் ஞாயிறு ஞாயிறாகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். அங்கோர் வாட்டைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு மறக்காதது பந்தே ஸ்ரே. 967-ல் எழுப்பிய சின்ன சிவன் கோயில், சிவந்த மணற்கல். ராவணன் கயிலையைப் பிடித்து ஆட்டுகிறான், அடுக்கடுக்காக விலங்குகள் பயந்து ஓடுகின்றன. இன்னொரு இடத்தில் ஆடும் சிவனின் காலடியில் எலும்பும் தோலுமாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். காரைக்கால் அம்மையார் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். அவர் முன்னால் வெகு நேரம் நின்றேன்.

அந்தக் கோயில் வாசலில் ஒரு சிறுமி பத்து போஸ்ட்கார்டு ஒரு டாலர் என்று ஆங்கிலத்தில் எண்ணிக்காட்டினாள். பிரெஞ்சிலும் எண்ணினாள். நான் வாங்கவில்லை. பிள்ளைகளிடம் பொருள் வாங்காதீர்கள், விற்பனை நடக்கும்வரை அவர்களைப் பள்ளிக்கு அனுப்ப மாட்டார்கள் என்று ஊரெங்கும் பலகை வைத்திருக்கிறார்கள். அது சரி என்று எனக்கும் தெரியும். ஆனாலும் பின்னாலேயே நூறு அடி நடந்து வந்த பிள்ளையிடம் இல்லை என்று சொல்வது லேசான காரியம் இல்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அவள் எண்ணிய வேகம்தான் காதில் இருந்தது.

நவம்பரில் நீர்த் திருவிழாவுக்கு மூன்று நாள் விடுமுறை. மழைக்காலத்தில் மேகாங் ஆறு பெருகும்போது தோன்லே சாப் ஆற்றின் தண்ணீர் பின்னோக்கி ஓடி ஏரியை நிரப்பும். மழை ஓய்ந்ததும் ஆறு திரும்பிக் கடலைப் பார்த்து ஓடும். அதைக் கொண்டாடும் திருவிழா. பஸ்ஸில் ஆறு மணி நேரம் போய், தலைநகர் புனோம் பென்னில் படகுப் போட்டி பார்த்தேன். மறுநாள் துவோல் ஸ்லெங்குக்குப் போனேன்.

அது ஒரு உயர்நிலைப் பள்ளியாக இருந்த இடம். 1975 முதல் 1979 வரை நாட்டை ஆண்ட கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் சிறையாக்கினார்கள். 12,000-க்கும் மேற்பட்டவர்களை அங்கே அடைத்துவைத்துக் கொன்றிருக்கிறார்கள். உயிர் பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வகுப்பறைகளுக்குள் செங்கல் வைத்து, ஆள் படுக்கும் அளவுக்குக் கொட்டடிகள் கட்டியிருக்கிறார்கள். சில அறைகளில் கரும்பலகை அப்படியே இருக்கிறது. பிள்ளைகள் உடற்பயிற்சி செய்த மரச்சட்டத்தில் மனிதர்களைத் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். நான் பாதியில் வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு ஆசிரியையால் அந்தக் கட்டடத்தைச் சிறையாகப் பார்க்க முடியாது. தாழ்வாரம், படிக்கட்டு, ஜன்னல், எல்லாம் பள்ளிக்கூடம்தான்.

சியெம் ரீப் திரும்பி போங்கிடம் சொன்னபோதுதான் அவர் வாயைத் திறந்தார். அவருடைய தாத்தா கிராமத்து ஆசிரியர். 1975-ல் கூட்டிக்கொண்டு போனவர்கள் திருப்பி அனுப்பவில்லை. 1979-ல் அந்த ஆட்சி விழுந்தபோது நாட்டில் மிகச் சில ஆசிரியர்களே மிஞ்சியிருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள் என்றுதான் பள்ளிகளை மறுபடி திறந்தார்களாம். போங்கின் அம்மா அப்படி மரத்தடியில் படித்தவர். மகள் ஆசிரியை ஆக வேண்டும் என்று நின்று சாதித்திருக்கிறார். இதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார், கையில் அட்டை வெட்டிக்கொண்டே. முதல் நாள் கடைசி பெஞ்சில் உட்காரச் சொன்னதற்காக நான் தூங்காமல் கிடந்தது நினைவுக்கு வந்து தொண்டை அடைத்தது. அந்த நாட்டில் ஒரு வகுப்பின் முன்னால் அந்த நாட்டு ஆசிரியை நிற்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று யாரும் எனக்கு அதுவரை சொல்லவில்லை.

என் கடைசி வாரம் ஏப்ரல் தொடக்கத்தில் வந்தது. கெமர் புத்தாண்டும் நம் சித்திரை முதல் தேதியை ஒட்டித்தான் வரும், அதற்குப் பள்ளி மூடுவதற்குள் கிளம்ப வேண்டும். தன்னார்வலர் வந்த அன்றே அவர் போகும் தேதியைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுவது மையத்தின் வழக்கம். சுவரில் மாதக் காலண்டர் இருக்கும், தினம் ஒரு பிள்ளை ஒரு கட்டத்தை அடிக்கும். பிரிவு விழா கிடையாது, பரிசு கிடையாது, அழவைக்கும் பேச்சு கிடையாது. ஆரம்பத்தில் எனக்கு அது கல்மனசாகத் தெரிந்தது.

கடைசி நாள் கட்டத்தை அடித்தது, பொன்மான் த்ங்ஐ என்று கேட்ட அதே பெண். எழுந்து போய், எக்கி நின்று, சிவப்புக் கிரேயானால் கோடு போட்டாள். என்னைப் பார்த்துக் கைகூப்பினாள். அதற்குள் போங் புள்ளி அட்டையைத் தூக்கிக் காட்டிவிட்டார். அவள் ஓடிப்போய் உட்கார்ந்து, எல்லோருக்கும் முன்னால் “ப்ராம்-பேய்” என்று கத்தினாள். எட்டு. சரியான விடை.