இட்லிக்காரர் ஹாரனும் 168 பக்கங்களும்

மும்பை செம்பூரில் எங்கள் பில்டிங் வாசலில் தினமும் ஏழரைக்கு 'பாம் பாம்' என்று ஹாரன் கேட்கும். தாராவியிலிருந்து சைக்கிளில் இட்லி கொண்டுவருகிற நெல்லைக்கார அண்ணாச்சி. இவரை வைத்துப் படம் எழுதினால் என்ன என்று தோன்றியதுதான் ஆரம்பம். அன்றைக்கே ஒன்லைன், அதாவது கதையின் ஒரு வரிச் சுருக்கம், எழுதினேன்: 'தாராவி இட்லிக்காரர் ஒருவரின் போராட்டம்.' பெரிய ஆள் ஆகிவிட்ட நினைப்பு.

அந்தேரியில் உதவி இயக்குநராக இருக்கும் நண்பனிடம் காட்டினேன். "இது கதை இல்லடா, சப்ஜெக்ட். அவருக்கு என்ன வேணும்? கிடைக்கலேன்னா என்ன ஆகும்?" என்றான். பதில் தெரியவில்லை. தெரியாமலேயே ஆறு மாதம் எழுதினேன். ஹார்பர் லைன் ரயிலில் ஒரு கையில் கம்பி, மறுகையில் போன். மழை வந்தது, ரவுடி வந்தான், ஒரு காதல்கூட வந்தது. கதை மட்டும் வரவில்லை.

கடைசியில் ஒரு நாள் விடியற்காலை நாலு மணிக்கு தாராவிக்கே போய் நின்றேன். பத்துக்குப் பத்து அறை. ஒரு ஈடு இறக்கி, துணியில் தண்ணீர் தெளித்து உரித்துப் போட்டுக்கொண்டே அண்ணாச்சி பேசினார். ஒரு தடவை காய்ச்சலில் படுத்துவிட்டாராம். "ஒரு வாரம் பத்து நாள் போகல தம்பி. ஹாரன் சத்தம் கேக்கலேன்னா தேடுவாங்கன்னு நெனச்சேன். திரும்பிப் போனா, 'சட்னி கொஞ்சம் சாஸ்தி போடு'ன்னாங்க."

அவ்வளவுதான். அவருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துவிட்டது. தன்னை யாராவது தேட வேண்டும்.

எழுதியதை எல்லாம் ஓரம்கட்டிவிட்டு மறுபடி ஒன்லைன்: அப்பா படுத்துவிடுகிறார், அவர் தொழிலை வெளியே சொல்லக் கூச்சப்பட்ட மகள் சைக்கிளை எடுக்கிறாள். இன்டர்வலும் தானாக வந்தது. அவள் அந்தத் தெருவுக்குப் போனால் அங்கே வேறொரு சைக்கிள், அதே ஹாரன்.

அப்புறம் சீன் ஆர்டர், அதாவது காட்சிகளின் வரிசை. சீனுக்கு ஒன்றாக 74 அட்டைகள், பீரோ கதவு முழுக்க. ஒவ்வொன்றிலும் யார் எதற்காக வருகிறார்கள், போகும்போது என்ன மாறியிருக்கிறது என்று இரண்டு வரி. இரண்டாவது வரி எழுத முடியாத அட்டைகள் மொத்தம் 19 இருந்தன. பீரோவிலிருந்து கிழித்தேன். ரவுடி அதில்தான் போனான்.

முதல் டிராஃப்ட் 168 பக்கம். கூரியர் என்ற எழுத்துருவில் 12 பாயின்ட் அளவில் எழுதினால், ஒரு பக்கம் படத்தில் ஒரு நிமிடம் என்பார்கள். அது ஆங்கிலத்துக்கான கணக்கு. தமிழில் எழுத்தும் அகலம், வார்த்தையும் நீளம். பக்கத்தை நம்பாமல் ஸ்டாப்வாட்ச் வைத்து வாய்விட்டுப் படித்தேன். அப்படியும் இரண்டே முக்கால் மணி நேரம்! எழுதிய சாஃப்ட்வேர் வேறு 'கொ'வைக் கொம்பு தனி, கால் தனியாகப் பிரித்துப் போட்டது. சாதாரண டாக்குமென்டுக்கு மாறிவிட்டேன்.

வெட்டியதில் முக்கால்வாசி வசனம். மகள் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கும் சீன் ஒன்றரைப் பக்கம். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது, சத்தமாகப் படித்தபோது கூசியது. இப்போது அவள் பேசுவதே இல்லை. ஹாரனின் ரப்பரில் ஒட்டியிருக்கும் மாவைத் துணியால் துடைத்து, அவர் தலைமாட்டில் வைக்கிறாள். மிச்சமிருந்த வசனத்திலும் என் சென்னை சினிமாத் தமிழைத் தூக்கிவிட்டு, நெல்லை 'ஏல'வும் இந்தி 'ஜல்தி'யும் ஒரே வாக்கியத்தில் வருகிற தாராவிப் பேச்சுக்கு மாற்றினேன்.

மூன்றாவது டிராஃப்ட் 118 பக்கம். இங்கே மும்பையிலேயே திரை எழுத்தாளர்களின் சங்கமான ஸ்கிரீன்ரைட்டர்ஸ் அசோசியேஷன் இருக்கிறது. உறுப்பினரானால் ஆன்லைனில் பிடிஎஃப் ஏற்றி ஸ்கிரிப்டைப் பதிவு செய்யலாம். செய்துவிடுங்கள். ஆனால் வெறும் ஐடியாவுக்குக் காப்புரிமை கிடையாது, எழுதிய வடிவத்துக்குத்தான். வெறும் ஒன்லைனோடு தயாரிப்பாளரிடம் கதை சொல்ல, அதாவது நரேஷனுக்கு, ஓடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

பதிவு செய்வதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சிக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன். நடுவில் இரண்டு தடவை தூங்கினார். முடித்ததும், "பதினோரு நாள்னு எழுதிருக்கீங்க. ஒம்போது நாள்தான் தம்பி" என்றார். சீன் 31-லிருந்து எல்லா நாள் கணக்கையும் திருத்த வேண்டியதாயிற்று.