பத்து நிமிட மீட்டிங்

மீட்டிங் நடத்துவது எப்படி என்று நேற்று ஒரு பயிற்சி. பாடம் எடுப்பார்கள் என்று போனால், ஆளுக்குப் பத்து நிமிடம் நடத்திக் காட்டச் சொல்லிவிட்டார்கள். என் பத்தில் ஏழு நிமிடம் நானே பேசியிருக்கிறேன். வீடியோவில் பார்த்தபோது எனக்கே கொட்டாவி வந்தது.

இரண்டாவது முறை, அஜெண்டாவில் "பட்ஜெட்" என்று எழுதாமல் "எந்தச் செலவை இந்த மாதம் தள்ளிப்போடலாம்?" என்று கேள்வியாகவே எழுதினேன். பேச்சு நேராகப் பதிலுக்கு வந்தது. ஆனால் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பது இருக்கிறதே, அதுதான் பெரும்பாடு! ஐந்து நொடி மௌனம் ஐந்து நிமிடமாகத் தெரிந்தது. அப்புறம், அதுவரை வாயே திறக்காதவர்தான் முதலில் பேசினார்.

கடைசியில் யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று மட்டும் சத்தமாகப் படித்தேன். "பார்த்துக்கலாம்" என்ற சொல்லுக்கு அங்கே தடை.