மகளின் கரப்பானும் மரபணு ஆய்வும்: எங்கள் குடும்பம் கடந்து வந்த ஒன்றரை ஆண்டு

என் மகள் ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது அவள் கன்னத்தில் தொடங்கிய கரப்பான், பள்ளிக்குப் போகும் வயதில் முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறத்திலும் நிலைத்துவிட்டது. கத்தரிக்காய், கருவாடு, முட்டை எல்லாம் கரப்பான் பண்டம் என்று வீட்டில் நிறுத்தப்பட்டன. வயிற்றில் பிள்ளை இருந்தபோது நான் அவற்றைச் சாப்பிட்டதுதான் காரணம் என்ற பேச்சை ஒன்பது ஆண்டுகள் கேட்டிருக்கிறேன்.

வீரவநல்லூரிலிருந்து திருநெல்வேலிக்குச் சென்று நாங்கள் காட்டிவரும் தோல் மருத்துவர்தான், அட்டோபிக் டெர்மடைடிஸ் என்று மருத்துவத்தில் சொல்லப்படும் இந்தக் கரப்பான் உள்ள குழந்தைகளின் குடும்பங்களை ஒரு மரபணு ஆய்வில் சேர்க்கிறார்கள் என்றும், விருப்பமிருந்தால் வரலாம் என்றும் சொன்னார். முதல் நாள் எங்களிடம் தரப்பட்ட ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் விளக்கம் தர வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகளே கூறுவதால், தமிழ்ப் படிவம் வந்த பிறகே கையெழுத்திடுவோம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினோம். இரண்டு வாரம் காத்திருந்தது நல்லதாயிற்று. இது சிகிச்சை அல்ல, உங்கள் குழந்தைக்கு நேரடிப் பலன் கிடைக்காமலும் போகலாம், எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், விலகினால் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படாது என்ற வரிகளை என் கணவரும் அத்தையும் தாங்களே படித்தார்கள். எங்கள் கையெழுத்தோடு நிறுத்தாமல், ஒன்பது வயதுக் குழந்தையிடமும் மருத்துவர் தனியாகச் சம்மதம் கேட்டார். "ஊசி ஒரு தடவைதானா?" என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் அவள் தலையாட்டினாள்.

நோயின் கடுமையை ஸ்கோராட் என்ற முறையில் அளந்தார்கள். சிவப்பு, வீக்கம், நீர்க்கசிவு, சொறிந்த தடம், தோல் தடிப்பு, வறட்சி ஆகிய ஆறுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் உண்டு. வறட்சியை மட்டும் புண் இல்லாத இடத்தில்தான் பார்க்க வேண்டுமாம். கடந்த மூன்று இரவுகளில் அரிப்பு எவ்வளவு, தூக்கம் எவ்வளவு கெட்டது என்பதை 10 சென்டிமீட்டர் கோட்டில் அவளே குறித்தாள். தூக்கத்துக்கு அவள் வைத்த புள்ளி கோட்டின் கடைசிக்கு மிக அருகில் இருந்தது. பக்கத்து அறையில் படுத்திருந்தும் எனக்கு அவ்வளவு தெரியவில்லை.

பிறகு மருத்துவர் அவளுடைய உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். வயதான பெண்ணின் கை போல நெருக்கமான ரேகைகள். உடன் வந்திருந்த அத்தையின் கையையும் கேட்டு வாங்கிப் பார்த்தவர், சேலையைச் சற்று உயர்த்தச் சொல்லிக் கணுக்காலுக்கு மேலே மீன் செதில் போல வெடித்திருந்த தோலைத் தடவிப் பார்த்தார். "சின்னப் புள்ளையில இருந்தே இப்படித்தான் இருக்கு டாக்டரம்மா, தேங்காண்ணெ போட்டுக்கிடுவேன்" என்றார் அத்தை. அவர் என் அப்பாவின் தங்கை, என் கணவரின் தாய். நெருங்கிய உறவில் திருமணம் என்பதைக் காட்ட, குடும்ப வரைபடத்தில் எங்கள் இருவருக்கும் நடுவே இரட்டைக் கோடு போட்டார்கள். அத்தையிடமும் ஒப்புதல் பெற்று ரத்தம் எடுத்தார்கள்.

மிகவும் சிரமப்பட்டது ஒவ்வாமைப் பரிசோதனைக்காகத்தான். அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே செட்டிரிசின் என்ற ஒவ்வாமை மருந்தைக் கொடுக்கக் கூடாது. மருந்தில்லாத அந்த இரவுகளில் அவளைப் பத்தமடைப் பாயில் படுக்கவைத்து, கைகளில் பருத்திக் காலுறை மாட்டி, ஈரத் துணியால் ஒற்றிக்கொண்டே விழித்திருந்தேன். குறித்த நாளில் போனால், பரிசோதனைத் திரவங்கள் இன்னும் வரவில்லை என்றார்கள். முந்தைய நாள் ஒரு தொலைபேசி அழைப்பு வந்திருந்தால் ஒரு குழந்தையின் ஏழு இரவுகள் வீணாகியிருக்காது. இதை அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த மாதம் மறுபடியும் ஏழு இரவுகள். முன்கையில் துளி துளியாக வைத்துக் குத்திப் பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்தபோது, வீட்டுத் தூசியில் வாழும் உண்ணிக்கு மட்டும் 7 மில்லிமீட்டர் தடிப்பு எழுந்திருந்தது. முட்டை, மீன், கத்தரிக்காய் மூன்றுக்கும் ஒன்றுமில்லை. அவற்றை நிறுத்தி வைக்கக் காரணமே இல்லை என்று மருத்துவர் சொன்னார்.

மரபணு முடிவு வர ஓராண்டுக்கு மேல் ஆனது. தோலின் மேலடுக்கை இறுக்கமாகவும் ஈரமாகவும் வைத்திருக்க உதவும் ஃபிலாக்ரின் என்ற புரதத்துக்கான மரபணுவில் உள்ள பழுது இந்நோய்க்கு வழிவகுக்கிறது என்பதை, 2006-இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் இர்வின் மெக்லீனும் அவருடன் பணியாற்றியவர்களும் காட்டினார்கள். அந்த மரபணுவில் ஏறத்தாழ ஒரே மாதிரியான துண்டு 10 முதல் 12 முறை அடுத்தடுத்து வருவதால் பழுது எங்கே என்று கண்டறிவது கடினம். ஐரோப்பியர்களிடம் பரவலாக உள்ள மாற்றங்கள் ஆசிய மக்களிடம் பெரும்பாலும் கிடைப்பதில்லை, இங்குள்ளவை வேறு. நம் பக்கத்துக் குடும்பங்களின் ரத்தம் ஏன் தேவை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மகள், கணவர், அத்தை மூவரிடமும் அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும் ஒரே மாற்றம் இருந்தது, என்னிடம் இல்லை. அறையை விட்டு வெளியே வந்ததும் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்போ எங்கிட்ட இருந்துதான் வந்துருக்காட்டி?" என்று கேட்டார். ஒன்பது ஆண்டுகள் நான் சுமந்த பழியை அவர் தலையில் ஏற்றி வைக்க எனக்கு மனம் வரவில்லை. திரும்ப உள்ளே அழைத்துச் சென்று மருத்துவரையே விளக்கச் சொன்னேன். இந்த மாற்றம் இருந்தும் கரப்பான் வராதவர்கள் பலர், கரப்பான் இருந்தும் இந்த மாற்றம் இல்லாதவர்கள் பலர், இது காரணங்களில் ஒன்றுதான், யாருடைய தவறும் அல்ல என்று அவர் பொறுமையாகச் சொன்னார்.

நோய் போய்விடவில்லை. குளித்த ஈரம் காயும் முன்பே நாள்தோறும் இருமுறை ஈரப்பதக் களிம்பைத் தவறாமல் தடவுகிறோம், ஸ்டீராய்டு களிம்பைச் சொன்ன நாட்களுக்கு மட்டும் பூசுகிறோம். கடைசியாகப் பார்த்தபோது ஸ்கோராட் 48-இலிருந்து 22-க்கு இறங்கியிருந்தது. மீதமுள்ள ரத்த மாதிரியை எதிர்கால ஆய்வுக்காகச் சேமிக்கச் சம்மதித்திருக்கிறோம். ஆனால் அவளுக்கு 18 வயதானதும் அந்தச் சம்மதத்தை அவளிடமே மறுபடி கேட்டுப் பெற வேண்டும். அது எழுதப்பட்டிருக்கும் பக்கத்தை அவளுடைய பிறப்புச் சான்றிதழோடு பீரோவில் வைத்திருக்கிறேன்.