பதிவேட்டில் இல்லாத கத்தோலிக்கர்கள்

ஒஸ்லோவில் எங்கள் பங்குக் கோவிலில் போலிஷ் பூசை முடிந்து சனம் வெளியேறும் வாசலிலேயே, தமிழ்ப் பூசைக்கு வந்தவர்கள் குடையை உதறிக்கொண்டு நிற்பார்கள். உள்ளே போய் அமரும்போது வாங்கில் சூடு ஆறியிருக்காது. பாட்டுப் புத்தகங்களை மட்டும் மாற்றி வைப்போம். ஏறத்தாழ 55 இலட்சம் மக்கள் வாழும் நோர்வேயில் பதிவுபெற்ற கத்தோலிக்கர் 1,50,000 பேருக்கு மேல். அவர்களிலும் பெரும்பாலானோர் போலந்து, பிலிப்பைன்ஸ், வியட்நாம், இலங்கை என்று வெளியிலிருந்து வந்த குடும்பத்தினர் என்பதால், நோர்வேஜியர் பலருக்கு எங்கள் சமயம் குடியேறிகளின் சமயமாகவே தெரிகிறது.

ஆனால் 1030இல் ஸ்டிக்லஸ்தாட் போரில் இறந்த அரசர் ஒலாவ்தான் இன்றும் இந்நாட்டின் புனிதர். துரொண்ட்ஹைம் நகரில் அவருடைய கல்லறைமேல் எழுந்த நிதரோஸ் பேராலயம், 1537இல் பேராயர் ஒலாவ் எங்கல்பிரெக்ட்சன் நாட்டைவிட்டுத் தப்பியோடியபின், புரொட்டஸ்தாந்துப் பிரிவான லூத்தரன் சபையின் கைக்குப் போனது. துரொண்ட்ஹைம் சென்றிருந்தபோது, சிலைகள் வரிசை வரிசையாக நிற்கும் அதன் மேற்கு முகப்பை அண்ணாந்து பார்த்துவிட்டு, நடந்துபோகும் தூரத்தில் 2016இல் திறக்கப்பட்ட கத்தோலிக்கப் பேராலயத்துக்குப் போனேன். அடக்கமான கட்டடம். அதற்கும் ஒலாவின் பெயர்தான்.

1814ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 2ஆம் பிரிவு, லூத்தரன் சமயத்தை அரசின் சமயமாக்கியதோடு, யூதரையும், ஜெசுயிட்டுகள் எனப்படும் கத்தோலிக்க இயேசு சபையினரையும், துறவற சபைகளையும் நாட்டுக்குள் விடக்கூடாது என்றது. 1843இல் தலைநகரில் ஒரு பங்கை அமைக்க அரச அனுமதி கிடைத்தது; துறவற சபைகள் 1897 வரையும், இயேசு சபையினர் 1956 வரையும் காத்திருந்தனர். அந்தக் கடைசி ஆண்டை முதன்முதலாக வாசித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன்.

இன்று அரசு, லூத்தரன் சபைக்கு வெளியே உள்ள சமய அமைப்புகளுக்கும் அங்கத்தவர் எண்ணிக்கைப்படி மானியம் கொடுக்கிறது. ஆகவே பெயரையும், அரசு ஆளுக்கொன்றாகக் கொடுக்கும் பிறப்பு இலக்கத்தையும் எழுதிப் பதிந்துகொள்ளுமாறு சுவாமியார் ஒவ்வொரு பூசையிலும் நினைவூட்டுவார். ஊரில் ஞானஸ்நானத்தோடு பங்கின் பதிவேட்டில் ஏறிவிட்ட எங்கள் பெரியவர்களுக்கு இது விளங்குவதில்லை. "ஞானஸ்நானம் எடுத்தனான்தானே, பிறகென்ன பதிவு?" என்று அம்மா இரண்டு முறை படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார். மூன்றாம் முறை கையெழுத்திட்டார்; திகதி எழுதவேண்டிய இடத்தில் தன் ஞானஸ்நானத் திகதியை எழுதியிருந்தார்.