ஸ்லைடு பேப்பரில் ஒரு வருடத்தால் கவிழ்ந்து, மறுபடி எழுதித் தேறிய கதை

போன வாரம் ரிசல்ட். 61 மார்க். கட்டடங்களின் படங்களைத் திரையில் காட்டி, அதைப் பற்றி எழுதச் சொல்லும் தேர்வு இது. இதே கட்டடக்கலை வரலாறு பேப்பரில் போன வருடம் தோற்றவன் நான், அதனால் பாதி புலம்பலாகவும் இருக்கும்.

கவிழ்த்தது ஒரே படம். வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் சிட்டி ஹால், பச்சைக் குவிமாடம், வெளிறிய போர்ட்லேண்ட் கல். திறப்பு 1906, விக்டோரியா ராணி இறந்தது 1901, ஆகவே அவருக்கு அடுத்து வந்த எட்வர்டு மன்னர் காலம் என்று நாலு வரி எழுதிவிட்டு அடுத்த படத்துக்குத் தாவிவிட்டேன். ஆனால் வேலை ஆரம்பித்தது 1898-ல். 1888-ல் நகர அந்தஸ்து கிடைத்த மிதப்பில், லினன் துணி வியாபாரம் நடந்த பழைய லினன் ஹாலை இடித்த இடத்தில் எழுப்பியது. கேட்டிருந்ததே அந்த மிதப்பைத்தான். மொத்தமும் போச்சு.

அதனால் எந்தக் கட்டடத்துக்கும் முதலில் இரண்டு வருடங்களை மனதில் வையுங்கள்: தொடங்கியது, முடிந்தது. பாணி, தூண், வளைவு எல்லாம் அப்புறம்.

- டெர்ரி கில்ட்ஹால்: 1890. 1908-ல் தீ, மறுதிறப்பு 1912. உட்புறப் படம் வந்தால் உஷார்.
- செயின்ட் ஜார்ஜ் மார்க்கெட்: 1890-96.
- செயின்ட் ஆன் பேராலயம்: அடிக்கல் 1899. உச்சியில் நிற்கும் உலோக ஊசி 2007!
- கிராண்ட் ஓபரா ஹவுஸ்: 1895, வடிவமைத்தவர் ஃபிராங்க் மேட்சம். உள்ளே பாக்ஸ்களுக்குப் பக்கத்தில் யானைத் தலைகள், மறக்கவே மறக்காது.

ஆளை வைத்துப் பாணியை ஊகிக்காதீர்கள். கட்டடக் கலைஞர் டபிள்யூ. எச். லின் 1869-ல் ஒரு லினன் கிடங்கை வெனிஸ் மாளிகை மாதிரி கட்டினார், பெல்ஃபாஸ்ட் கோட்டையில் அவர் கூட்டாளியாக இருந்த நிறுவனம் ஸ்காட்லாந்துப் பாணிக்குப் போனது.

இன்னொன்று, நேரில் போய் அண்ணாந்து பாருங்கள். பெல்ஃபாஸ்டின் டோனெகல் சதுக்கத்தில் மழையில் கழுத்து வலிக்க நின்றேன். ராபின்சன் அண்ட் கிளீவர் கடையின் சுவரில் வாடிக்கையாளர்களின் கல் தலைகள். விக்டோரியா ராணியோடு கூச் பெஹார் மகாராஜாவும் இருக்கிறார். கொஞ்சம் தள்ளி ஸ்காட்டிஷ் பிராவிடன்ட் காப்பீட்டுக் கட்டடத்தில் கயிறு திரிப்பது, கப்பல் கட்டுவது, நூல் நூற்பது எல்லாம் செதுக்கியிருக்கிறது. ஊருக்குப் பணம் வந்த வழியைச் சுவரிலேயே எழுதிவைத்த மாதிரி. இந்தத் தடவை அந்தக் கயிறுப் பலகைதான் க்ளோசப்பில் வந்தது, ஒரு பக்கம் நிரப்பினேன்.

குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவரவில்லை, உங்களுக்கு வரலாம். நோட்ஸ் மட்டும் கேட்காதீர்கள், மழையில் எழுதியது, எனக்கே புரியவில்லை.