பச்சை பூத்த செம்பு

சென்ற ஓகஸ்டில் பிரான்சின் ஷெர்பூரிலிருந்து இங்கிலாந்துக் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நீடில்ஸ் பாறைகள் வரை ஏறக்குறைய 60 கடல்மைல். எங்கள் பாய்ப்படகுக்கு 12, 13 மணி நேர ஓட்டம். இரவு ஒன்றரை மணி. கப்பல்கள் சாரிசாரியாகப் போகும் ஆங்கிலக் கால்வாயின் நடுவில், ஒரு சரக்குக் கப்பலின் விளக்குகள் நேரே எங்களைப் பார்த்து வருவதுபோல் இருந்தது. கூப்பிட்டுக் கேட்டுவிடலாம் என்று வி.எச்.எஃப். வானொலியின் பொத்தானை அழுத்தினேன். வரைபடத் திரை அணைந்தது. பொத்தானை விட்டேன். திரை சாவகாசமாக எழுந்து, தன் பெயரைப் போட்டுக் காட்டி, எச்சரிக்கையை ஏற்றுக்கொள்கிறாயா என்று கேட்டுவிட்டு, செயற்கைக்கோள்களைத் தேடப் போனது. மறுபடி அழுத்தினேன். மறுபடி அணைந்தது. பேசினால் பார்க்க முடியாது, பார்த்தால் பேச முடியாது.

கப்பல் எங்களுக்குப் பின்னால் ஒரு மைல் தள்ளிப் போய்விட்டது. மனைவி கீழே நல்ல நித்திரை. நான் எழுப்பவில்லை. இதை வாசித்துத்தான் அவள் அறியப்போகிறாள்.

படகு 1974இல் கட்டப்பட்ட வெஸ்டர்லி சென்டோர். 26 அடி நீளம், அடிப்புறத்தில் துடுப்புப்போல் கீழே நீட்டிய இரண்டு ஏராக்கள். வற்றுப்பெருக்கில் தண்ணீர் வடிந்துபோனாலும் சரியாமல் சேற்றில் நிமிர்ந்து நிற்கும். இந்த வகையில் 2,000க்கும் மேல் கட்டினார்கள். இங்கே தெற்குக் கரையில் எந்தக் கழிமுகத்துக்குள் நுழைந்தாலும் ஒன்று நிற்கும். எங்களுடையது எம்ஸ்வேர்த்தில் நிற்கிறது. வெஸ்டர்லி என்றால் மேல்காற்று என்பதால் நான் அதற்குக் ‘கச்சான்’ என்று பெயர் வைத்தேன். வல்வெட்டித்துறையில் கடலோடிகளுக்குக் கச்சான் என்றால் மேல்காற்று. மனைவியின் ஊரில் அது வறுத்துச் சுருளில் கட்டி விற்கும் கடலை. ஆறு வருடமாக அவள் கடலைப் படகில்தான் வருகிறாள்.

திரைதான் பழசாகிவிட்டது, புதிது வாங்கினால் சரியாகிவிடும் என்று முடிவு கட்டியிருந்தேன். ஒக்டோபரில் அக்காவின் மகன் ஒரு மல்டிமீட்டரோடு வந்தான். மின்பொறியியல் மூன்றாம் வருடம் படிக்கிறான். “வாங்குவதற்கு முன்னால் ஒருமுறை அளந்து பார்ப்போம், மாமா” என்றான். பற்றரியில் 12.6 வோல்ட். சுவிட்ச் பலகையில் 12.4. குறை சொல்ல இடமில்லை. “இப்போது வானொலியை அழுத்துங்கள்” என்றான். 25 வாட்டில் பேசும்போது அந்தப் பெட்டி 5 அம்பியருக்கு மேல் இழுக்கும். பற்றரி 12.3இல் நின்றது, பலகையில் முள் 10.6க்கு விழுந்தது, திரை அணைந்தது. இடையில் ஒன்றே முக்கால் வோல்ட்டை யாரோ விழுங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆளைப் பிடிக்க அரை நாள் ஆயிற்று. பலகைக்குப் பின்னால், எனக்கு முந்திய சொந்தக்காரர்களில் எவரோ இரண்டு கம்பிகளை முறுக்கிக் கறுப்பு நாடா சுற்றி வைத்திருந்த ஒரு இணைப்பு. நேர்முனைக் கம்பியை எல்லாரும் பார்ப்பார்கள். இது எதிர்முனை, ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தொட்டால் இளஞ்சூடு. நாடாவைப் பிரித்ததும் பச்சைத் தூள் மடியில் கொட்டியது, விளக்காத பழைய செம்புக் குடத்தின் களிம்பு மாதிரி. வெட்டிவிட்டு நல்ல செம்பில் இணைக்கலாம் என்று ஒரு விரல்கடை வெட்டினேன். உள்ளே செம்பு கருத்திருந்தது. இன்னொரு விரல்கடை. அதுவும் கறுப்பு. உறைக்குள்ளே இழைகளுக்கு நடுவால் உப்பு நீர் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் ஏறியிருந்தது. ஒரு முழத்துக்கு அப்பால்தான் செம்பின் நிறம் தெரிந்தது.

புதிய திரைக்கு ஒதுக்கிய காசு அன்றே கைமாறியது. வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி, 80 மீற்றர். கம்பிமுனைகளை ஒரே அழுத்தில் கவ்வவைக்கும் நல்ல குறடு ஒன்று. சூடு காட்டினால் சுருங்கி உள்ளே பசை உருகி ஒட்டும் குழாய்கள். பற்றரிக்குப் பக்கத்திலேயே தடித்த ஃபியூஸ். இவற்றை நண்பர்களுக்குக் காட்டிப் பெருமையடிக்க முடியாது. தை, மாசி முழுவதும் சனி ஞாயிறுகளில் கட்டிலின் அடியில் தலைகீழாகக் கிடந்து இந்த வேலைதான் செய்தேன்.

பழைய கம்பிகளை உருவுவது தொல்லியல் அகழ்வு போன்றது. ஒன்றில் ‘டெக்கா’ என்று மையால் எழுதிய சீட்டு. 1944இல் நோர்மண்டித் தரையிறக்கத்தின்போது கண்ணிவெடி வாரும் கப்பல்களுக்கு வழி சொன்ன வானொலி முறை அது. பிரித்தானியாவில் அதன் கடைசி நிலையங்களையும் 2000இல் மூடிவிட்டார்கள். பெட்டி எப்போதோ போய்விட்டது. கம்பி மட்டும் எங்கும் போகாமல் சுவருக்குள் கிடந்தது. இன்னொரு பழுப்புக் கம்பிக்கு இரண்டு முனையும் தெரியவில்லை. செத்த கம்பி என்று வெட்டிவிட்டேன். மூன்று கிழமை கழித்து, ஒரு பெருமழைக்குப் பிறகு, அது அடித்தட்டு நீரைத் தானாக இறைக்கும் பம்பின் மிதவைச் சுவிட்சுக்குப் போவது என்று முழங்கால்வரை நனைந்து அறிந்தேன்.

பாய்மர உச்சி விளக்குக்கு ஒரு சின்னக் கணக்கு. பலகையிலிருந்து உச்சிக்கு 14 மீற்றர். போகவும் வரவும் 28. ஒரு சதுர மில்லிமீற்றர் கம்பியில் அதன் தடை அரை ஓம். 25 வாட் பழைய குமிழ் 2 அம்பியர் இழுக்கும், ஆகவே ஒரு வோல்ட் வழியிலேயே போய்விடும். எல்.ஈ.டி. குமிழ் கால் அம்பியரோடு திருப்திப்படும், இழப்பும் எட்டில் ஒன்று. இரவு முழுக்க எரிவது என்பதால் மிச்சம் பெரிது. அந்தச் சந்தோஷத்தில் இணையத்தில் கிடைத்ததிலேயே மலிவான குமிழை வாங்கினேன். அதைப் போட்டதும், கப்பல்கள் தங்கள் இருப்பிடத்தை வி.எச்.எஃப். அலையில் அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். முறையில் திரையில் தெரிந்த கப்பல்களில் தூரத்துக் கப்பல்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. விளக்கை அணைத்தால் திரும்பி வந்தன. மலிவான குமிழின் உள்ளிருக்கும் சின்னச் சுற்று வி.எச்.எஃப். அலைவரிசையில் இரைச்சல் போடுகிறது, அதுவும் வானொலிக் கம்பத்திலிருந்து ஒரு முழத்தில் இருந்துகொண்டு. 2018இல் அமெரிக்கக் கரையோரக் காவல் படையே இதைப் பற்றி எச்சரித்திருந்தது. இரண்டாவது குமிழ் ஐந்து மடங்கு விலை. வாயை மூடிக்கொண்டு எரிகிறது.

லித்தியம் பற்றரி போடாததற்கு மருமகன் இன்னும் என்னோடு கோபம். பாரம் பாதி, கொள்ளளவில் பெரும்பகுதியைப் பயன்படுத்தலாம், எல்லாம் உண்மைதான். ஆனால் அது பசித்த பிள்ளை. எஞ்சின் டைனமோ கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொண்டே இருக்கும், சின்ன டைனமோ சூடேறிக் கருகும். அதைத் தடுக்க நடுவில் இன்னொரு பெட்டி வேண்டும். ஒரு பெட்டியைக் காப்பாற்ற இன்னொரு பெட்டி என்று போனால் எங்கே நிற்பது? பராமரிப்பு வேண்டாத ஈயப் பற்றரிகள் இரண்டு போட்டேன்.

கருவிகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் என்.எம்.ஈ.ஏ. 2000 தண்டுக்கம்பி மட்டும் முதல் நாளே சரியாக வந்தது. இரண்டு முனையிலும் 120 ஓம் முடிப்புத் தடை; மின்சாரத்தை நிறுத்திவிட்டு அளந்தால் 60 ஓம் காட்டவேண்டும். 60தான் காட்டியது. அன்று மருமகனுக்குக் கோழிக்கறி வாங்கிக்கொடுத்தேன்.

சித்திரைக்கு முந்திய ஞாயிறு. தண்ணீர் வடிந்து படகு சேற்றில் குந்தியிருந்தது. வெளியே நின்று சுக்கான் பிடிக்கும்போதும் வானொலி கேட்கட்டும் என்று ஒரு ஒலிபெருக்கியைப் பின்சுவரில் பூட்டினோம். தேநீர் குடித்துக்கொண்டே மருமகன் திசைகாட்டியைப் பார்த்தான்.

“மாமா, காலையில் இது 140 காட்டியது.”

“இப்போது?”

“162.”

“காற்றுக்குத் திரும்பியிருக்கும்” என்றேன், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

“சேற்றில் எப்படி மாமா திரும்பும்?”

எழுந்து போய்ப் பார்த்தேன். ஒலிபெருக்கிக்குள் இருக்கும் காந்தம், சுவரின் மறுபக்கம், திசைகாட்டியிலிருந்து ஒரு சாண். படகில் மின்சாரமே இல்லாமல் ஓடும் ஒரே கருவி திசைகாட்டி. திரை அணைந்த அந்த இரவில் எனக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதை நானே நாலு திருகாணியில் கெடுத்திருக்கிறேன். 22 பாகை பிழையோடு நீடில்ஸைத் தேடினால் வேறு எங்கேயோ போய்ச் சேர்ந்திருப்பேன்.

கழற்றினோம். கையில் எடுத்துக்கொண்டு பின்னால் பின்னால் நடந்தான். நான் எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தேன். 155. 147. 141. படிக்கட்டுக்குக் கீழே, பாத்திர அலுமாரிக்குள் வைத்தபோது 140இல் நின்றது. அங்கேயே பூட்டிவிட்டோம். கரையோரக் காவலர் இப்போது சட்டிக்குள் இருந்துகொண்டுதான் காலநிலை சொல்கிறார்.