பெரியம்மாவும் காந்தமும்

வீட்டுல இருந்து பேட்டன்ட் (கண்டுபிடிப்புக்குக் குடுக்கிற காப்புரிமை) தேடுற வேலை செய்றன் எண்டா பெரியம்மாவுக்கு இன்னும் விளங்கல்ல. போன கிழமை கல்லடி வீட்டு விறாந்தையில லெப்டொப்போட இருக்கக்க வந்து "என்ன மனே உது" எண்டு கேட்டா. நெஞ்சத் தொடாம இதயத்தின்ட காந்தப்புலத்த அளக்குற மெசின், புதுசா இல்லையா எண்டு பாக்கணும் எண்டன். "உடம்புல காந்தமா, மந்திரிக்கிற ஆக்கள் சொல்றதுபோலவா?"

இல்ல பெரியம்மா, மெய்யாவே இருக்கு, ஆனா பூமியின்ட காந்தத்துல லட்சத்துல ஒரு பங்கும் வராது, றோட்டுல ஒரு பஸ் போனாலே அமுங்கிரும். விண்ணப்பக்காரர் என்னடா எண்டா, எதுக்கு உரிமை கேக்கிறார் எண்டு சொல்ற முதல் கிளெய்மிலயே "சுருளால இதயக் காந்தப்புலம் அளக்கிற கருவி" எண்டு அகலமா விரிச்சு வெச்சிருக்கார் (பேராசதான்). 1963லயே அமெரிக்காவுல கெர்ஹார்ட் பௌல், ரிச்சர்ட் மெக்ஃபீ எண்ட ரெண்டு ஆராய்ச்சிக்காரர் லட்சக்கணக்கான சுத்துக் கம்பிச்சுருள் வெச்சு அளந்தாச்சு, அதோட புதுமை போச்சு. வெளிக் காந்த இரைச்சலக் கழிக்கிற விதத்துல ஏதும் இருந்தாத்தான் தப்பும், ரெண்டு நாளா அதத்தான் கிண்டுறன். மறுகா, ஐரோப்பாவுல கருவிக்குப் பேட்டன்ட் குடுப்பாங்க, உடம்புல வெச்சு நோயக் கண்டுபிடிக்கிற முறைக்குக் குடுக்க மாட்டாங்க, இவர் அதையும் கேட்டிருக்கார்.

எல்லாம் கேட்டுப்போட்டு பெரியம்மா, "அப்ப என்ட நெஞ்சுக்குத்துக்கு ஒருக்கா வெச்சுப் பாக்கேலாதா மனே?"